உள்ளிருந்து வரும் துரு

பழைய மோட்டார் வண்டி ஒன்று வாசலில் நின்றால், வருவோர் போவோர் எல்லாரும் அதன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். விளக்குகளின் பளபளப்பையும், குரோமியம் பூசிய பம்பரையும், கதவுப் பிடியின் பழங்கால வளைவையும் கண்டு மகிழ்ந்து, "இன்னும் புதிதுபோலவே வைத்திருக்கிறீர்களே!" என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். முழங்காலை மடித்துக் குனிந்து அதன் அடிவயிற்றைப் பார்ப்பவர் அரியர். உடையவராகிய நாமே பல ஆண்டுகள் அவ்வாறு குனிந்து பார்த்ததில்லை என்பதை ஒப்புக்கொண்டு இக்கட்டுரையைத் தொடங்குவதே முறை. அதற்காக நாம் கொடுக்க இருந்த விலை மிகப் பெரிது. அதிலிருந்து தப்பியதும் நம் திறமையால் அன்று. ஒரு குழந்தையின் பிடிவாதத்தால்.

வண்டி நம் தமையனாருடையது. பியட் 1100 டி. 1089 கன சென்டிமீட்டர் எஞ்சின். ஸ்டியரிங் தண்டோடு சேர்ந்த கியர். குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலையில் உருவானது. முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தால்தான் கார் கிடைக்கும் என்றிருந்த காலம் அது. திருநெல்வேலியிலிருந்து பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு வந்து, மாதுங்காவில் ஒற்றை அறையில் குடியிருந்து, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் 1971ஆம் ஆண்டு அதை அவர் வாங்கினார். அந்த வண்டியின் வழிவந்ததுதான் பிற்காலத்தில் பிரீமியர் பத்மினி என்னும் பெயரில் புகழ்பெற்றது. கறுப்பும் மஞ்சளும் பூசிய டாக்சியாகி இந்நகரத்தின் அடையாளமாகவே விளங்கியது. 2023 அக்டோபர் மாத இறுதியோடு அந்த டாக்சிகளும் விடைபெற்றுவிட்டன. ஒரு காலத்தில் வீதிக்கு வீதி கடைகளில் ஆயத்தமாகத் தொங்கிய அதன் சைலன்சரை, இன்று தேடி அலைந்தும் பெற முடிவதில்லை.

தமையனாருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிறுதோறும் காலையில் குளித்து நீறணிந்து, செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலுக்குப் புறப்படுவார். தரிசனம் முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பமாட்டார். அங்கிருந்து கிழக்கு நெடுஞ்சாலையில் ஏறி, தானே வரைக்கும் ஒரே சீராக ஓட்டிச் சென்று, அங்கே ஒரு காப்பி அருந்திவிட்டு, அதே சாலையில் திரும்புவார். மொத்தம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். "கோயில் பக்கத்தில்தானே இருக்கிறது? வீணாக நாலு லிட்டர் பெட்ரோலை எரிக்கிறீர்களே, அண்ணா!" என்று நாம் கேலி செய்வதுண்டு. அவர் சிரிப்பாரேயன்றி விளக்கம் சொல்லமாட்டார். "அதுக்கும் கொஞ்சம் மூச்சு வாங்கணும்ல" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதை ஒரு கிழவரின் ஆசைப் பேச்சு என்றே நாம் கருதினோம்.

2005 ஜூலை 26ஆம் நாள் பெய்த பேய்மழையை இந்நகரத்தார் மறக்கமாட்டார்கள். சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மாதுங்காவின் தாழ்ந்த தெருக்கள் ஏரியாயின. நம் வண்டியும் வாசலில் இடுப்பளவு நீரில் நின்றது. நீர் வடிந்ததும் அண்டை வீட்டார் அவசர அவசரமாகத் தங்கள் வண்டிகளைக் கிளப்ப முயன்றபோது, தமையனார் சாவியைத் தொடவேயில்லை. ஆள் வைத்து முதலில் சைலன்சரையும் புகைக்குழாயையும் கழற்றினார். நிமிர்த்தியும் கவிழ்த்தும் அவற்றிலிருந்த சேற்றுநீரை வடித்து, நல்ல நீர் விட்டு அலசி, அடுப்பங்கரையில் சாய்த்து உலர்த்தினார். அண்ணியார் முணுமுணுத்தது இன்னும் காதில் ஒலிக்கிறது. எஞ்சினைத் துடைத்து எண்ணெய் மாற்றி வண்டியைக் கிளப்பியபின், முதல் வேலையாகத் தானே வரை ஓடித் திரும்பினார். நாமும் உடன் சென்றோம். ஆயினும் ஒன்றும் கற்றோமில்லை.

2016இல் அவர் மறைந்தார். வண்டி நம் பொறுப்பில் வந்தது. விற்க மனம் இல்லை, ஓட்டவும் துணிவில்லை. தமையனாரின் நினைவாயிற்றே, எங்காவது இடித்துவிட்டால்? ஆகவே அதைக் கண்ணும் கருத்துமாகக் காப்பது என்று முடிவு செய்தோம். துணிப்போர்வை தைத்தோம். ஆண்டுதோறும் ஆயுத பூசைக்கு முன்பு வெளியே தெரிகின்ற புகைக்குழாய் முனைக்கும் சைலன்சரின் பின்புறத்துக்கும் வெள்ளி நிறப் பெயிண்ட் பூசிச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். ஞாயிறுதோறும் தமையனார் கோயிலுக்குப் புறப்பட்ட அதே நேரத்தில் எஞ்சினைக் கிளப்பி, நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்துவிடுவோம். புகைக்குழாய் முனையிலிருந்து தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக விழும். எஞ்சின் எவ்வளவு சுத்தமாக எரிகிறது பார் என்று நம்மை நாமே மெச்சிக்கொள்வோம். அவர் நாலு லிட்டர் செலவழித்த இடத்தில் நாம் நூறு மில்லிகூடச் செலவழிக்கவில்லை என்ற பெருமிதம் வேறு!

இவ்வாறு ஆறு ஆண்டுகள் கழிந்தன. வண்டிக்கு ஐம்பது வயது நிறைந்தது. 50 ஆண்டு கடந்து பழைய உருவம் மாறாமல் இருக்கும் வண்டிகளைத் தனி வகையாகப் பதிவு செய்துகொள்ள 2021இல் மத்திய அரசு விதி வகுத்திருந்தது. அந்த உற்சாகத்தில், 2022 ஜூலையில் ஒரு நாள், மனைவியையும் ஏழு வயதுப் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு பழைய புனே சாலை வழியாகக் கண்டாலாவுக்குப் புறப்பட்டோம்.

நல்ல மழை. கண்ணாடிகளை இறுக ஏற்றிவிட்டோம். வண்டியின் ஒலி வழக்கத்தைவிடச் சற்றுக் கனத்திருந்தது. அதைப் பழைய எஞ்சினின் கம்பீரம் என்று எண்ணினோம். கோபோலி தாண்டி மலைப்பாதையில் லாரிகளின் பின்னே ஊர்ந்து ஏறும்போது, மனைவி தலை வலிக்கிறது என்றார். பின்னால் படுத்திருந்த பேத்தி குமட்டுகிறது என்றாள். மலைப்பாதை வளைவுகளில் எல்லாருக்கும் வருவதுதானே என்று ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தோம். சிறிது நேரத்தில் குழந்தை தூங்கத் தொடங்கினாள். தூக்கம் நல்லது என்றே விட்டிருப்போம். ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்க, அவள் விழித்து, அருவியைப் பார்க்கவேண்டும், கண்ணாடியை இறக்கவேண்டும் என்று அழத் தொடங்கினாள். மழை உள்ளே வருமே என்று அதட்டினோம், அவள் விடவில்லை. எரிச்சலோடு நான்கு கண்ணாடிகளையும் இறக்கினோம். எல்லாரும் நனைந்தோம். கால் மணி நேரத்தில் மனைவியின் தலைவலி குறைந்தது. குழந்தையின் குமட்டலும் நின்றது. அதன் பொருள் நமக்கு அப்போதும் விளங்கவில்லை.

ஊர் திரும்பிய மறுவாரம், ஒலி கூடிவிட்டதே என்ற ஒரே குறைக்காகத்தான் வண்டியைத் தாராவி எல்லையில் உள்ள ஒரு பட்டறைக்குக் கொண்டு சென்றோம். பட்டறைக்காரரும் நெல்லைச் சீமைக்காரர். நம்மினும் பத்து வயது இளையவர். வண்டியைத் தூக்கி நிறுத்தி, விளக்கைப் பிடித்து, நெடுநேரம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். பிறகு, "அண்ணாச்சி, இந்த வண்டி கடைசியா எப்ப நல்லா ஓடுச்சு?" என்று கேட்டார்.

"வாரந்தோறும் ஸ்டார்ட் செய்கிறோமே, தம்பி!" என்றோம்.

"ஸ்டார்ட் பண்ணுதது வேற, ஓட்டுதது வேற, அண்ணாச்சி. இங்க வந்து பாருங்க."

ஐம்பது ஆண்டு உறவில் முதல் தடவையாக அந்த வண்டியின் அடியில் குனிந்தோம். சைலன்சரின் பின்பாதியில், நாம் பூசிய வெள்ளிப் பெயிண்டுக்கு மேலே, கண்ணுக்கு மறைவான மேற்புறத்தில், இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அதற்கு நேர்மேலே, டிக்கியின் தளத்தகட்டில் கரிப்படலம். தளத்தின் பழைய ரப்பர் அடைப்பு ஒன்று உதிர்ந்திருந்த துளையைச் சுற்றியும் அதே கரி. "புகை எங்க போயிருக்குன்னு பாத்தியளா? பின்சீட்டுக்குத்தான்" என்றார். நமக்கு அந்த இடத்திலேயே கால் தளர்ந்தது.

பெட்ரோல் எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றோடு அதைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், அதன்பின் தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழாதவரும் உண்டு. புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கிப் பெட்டி, 1995இல்தான் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாயிற்று. நம் வண்டியோ அதற்கு 24 ஆண்டு மூத்தது. அன்று மலைப்பாதையில் குழந்தை அருவிக்காக அழாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றுவரை முழுமையாக நினைத்துப் பார்க்க நமக்குத் துணிவில்லை.

பட்டறைக்காரர் கழற்றிய சைலன்சரை நம் கண்முன்னே நீளவாக்கில் அறுத்துக் காட்டினார். வெளிப்புறம் வெள்ளியாய் மின்னியது. உள்ளேயிருந்து ஒரு குவளைச் செந்நீரும் கைப்பிடி கைப்பிடியாகத் துருச் செதில்களும் கொட்டின. ஒலியை அடக்குவதற்காக உள்ளே வைத்திருந்த துளைக்குழாய்களும் தடுப்புத் தகடுகளும் தொட்டால் பொடியாயின. "துரு வெளியிலிருந்து வரலே, அண்ணாச்சி. உள்ளருந்து வந்திருக்கு. நீங்க வாரா வாரம் தண்ணி ஊத்தி வளத்திருக்கிய" என்றார்.

அவர் சொன்னது உவமையன்று, வேதியியல். பெட்ரோல் என்பது கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள். அது எரியும்போது ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி நீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. எஞ்சின் சூட்டில் அது ஆவியாகவே புறப்படும். வழியிலுள்ள குழாய் ஏறத்தாழ 50 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்திருந்தால், அங்கேயே நீராகப் படிந்துவிடும். எஞ்சினை ஒட்டிய வார்ப்பிரும்பு மேனிபோல்டு சில நிமிடங்களில் கொதித்துவிடுகிறது. ஆகவே அங்கே நீர் தங்காது. கடைசியில் இருக்கும் சைலன்சருக்கும் வால்குழாய்க்கும் சூடு போய்ச் சேர, ஓட்டத்திலேயே அரைமணி நேரம் வேண்டும். நின்ற நிலையில் ஐந்து நிமிடம் எஞ்சினை உறுமவிட்டால் நீர் உண்டாகும். அதை விரட்டும் சூடு உண்டாகாது. புகையிலுள்ள கரியமில வாயுவும், கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகளும் அந்நீரில் கரைந்து அதைப் புளிக்கச் செய்கின்றன. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனமே உள்ள எஃகுத் தகடு அந்தப் புளித்த நீரில் வாரக்கணக்கில் ஊறுகிறது. ஆறு ஆண்டில் முந்நூறு ஞாயிறு! நாம் மெச்சிக்கொண்ட அந்தத் தெளிந்த சொட்டுகள், வெளியே வந்த நீர் மட்டுமே. வராத நீர் உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

இப்போது தமையனாரின் கணக்கு விளங்குகிறது. அவர் எரித்த நாலு லிட்டரில் நாலு லிட்டர் நீர் உண்டாகி, அவ்வளவும் ஆவியாகவே வெளியேறியது. வீடு திரும்பும்போது குழாய் முழுதும் சுட்டு உலர்ந்திருக்கும். மூச்சு வாங்கணும் என்று அவர் சொன்னது இதைத்தான். நாம் ஊதாரித்தனம் என்றது பராமரிப்பு. சிக்கனம் என்றது சிதைவு.

தில்லியில் குதுப் மினார் வளாகத்தில் நிற்கும் இரும்புத் தூணை அன்பர்கள் பலர் பார்த்திருப்பர். ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. அதன் காரணத்தை ஆராய்ந்தவருள் ஒருவர் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியராக விளங்கிய ஆர். பாலசுப்பிரமணியம். இரும்பில் மிகுந்திருக்கும் பாஸ்பரஸ், நனைந்தும் உலர்ந்தும் வந்த பருவங்களின் துணையால், தூணின்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கியது என்பது அவர் கண்ட விளக்கம். நனைவது மட்டும் இரும்புக்குக் கேடன்று. உலரவே வாய்ப்பில்லாமல் நனைந்திருப்பதே பெருங்கேடு. அதிலும் கடல் சூழ்ந்த மும்பையில் காற்றோடு வரும் உப்பு தகட்டின்மேல் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. வெளியே உப்பு, உள்ளே புளிப்பு. நடுவே அந்த மெல்லிய தகடு என்ன செய்யும்?

புதிய சைலன்சர் செய்யும்போது மூன்று வழிகள் இருந்தன. பழையபடி சாதாரண எஃகில் செய்தால் விலை குறைவு, ஒலியும் மாறாது, ஆயுள் சிறிது. அலுமினியம் பூசிய எஃகு அதைவிட நன்று. ஆனால் பற்றவைத்த இடங்களில் பூச்சு கருகிவிடும். குரோமியம் கலந்த துருவேறா எஃகு எல்லாவற்றினும் நீடிக்கும்; அதன் குரோமியம் காற்றோடு சேர்ந்து, கீறினாலும் தானே மூடிக்கொள்ளும் ஒரு படலத்தை உண்டாக்குகிறது. ஒரு கூட்டாளி, நாகம் பூசிய தண்ணீர்க் குழாயை வளைத்துப் போட்டால் மலிவாக முடியுமே என்று யோசனை கூறினார். பட்டறைக்காரர் தலையசைத்து மறுத்துவிட்டார். நாகம் 420 பாகையிலேயே உருகிவிடும். அதைப் பற்றவைக்கும்போது எழும் புகை, செய்பவனுக்குக் காய்ச்சலைக் கொடுக்கும்.

துருவேறா எஃகைத் தேர்ந்தோம். அதில் ஓர் இழப்பும் இருந்தது. தமையனார் தெருமுனை திரும்பும்போதே அடுப்பில் காப்பியை ஏற்றுமாறு அண்ணியாருக்கு அறிவித்த அந்தத் தடித்த ஒலி, புதிய குழாயில் சற்றே கூர்மையாகிவிட்டது. பழைமை கெட்டது என்று வண்டிப் பித்தர் சிலர் குறைகூறினர். பின்சீட்டில் குழந்தை உட்காரும் வண்டியில் ஒலிக்காக உயிரைப் பணயம் வைக்க நாம் ஆயத்தமாக இல்லை.

பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்காக, பட்டறையில் கற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அரைமணி நேரம் ஓட்ட இயலாத நாளில் எஞ்சினைக் கிளப்பாமலே இருப்பது நலம். சைலன்சரின் மிகத் தாழ்ந்த இடத்தில் மூன்று மில்லிமீட்டர் அளவில் ஒரு வடிதுளை இடலாம். பின்புறம் சற்றுத் தாழ வண்டியை நிறுத்தினால் நீர் தானே வடியும். சாதாரண எஃகுக் குழாயாயின், துருவைக் கம்பித் தூரிகையால் வெள்ளை உலோகம் தெரியத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, சூடு தாங்கும் சிலிகோன் அலுமினியப் பெயிண்ட் பூசவேண்டும். மற்றப் பெயிண்ட் சூட்டில் உரிந்துவிடும். சட்டத்துக்குத் தடவும் எண்ணெயைப் புகைக்குழாயில் தடவலாகாது. அது புகையும், தீப்பற்றவும் கூடும். கடற்கரைச் சாலையில் ஓடித் திரும்பினால், எல்லாம் குளிர்ந்தபின் அடிப்புறத்தை நல்ல நீரால் கழுவவேண்டும். சுடும் வார்ப்பிரும்பில் நீர் பட்டால் வெடித்துவிடும். மேனிபோல்டில் பித்தளை நட்டு போட்டால் துருப்பிடித்து இறுகாது. மழைக்காலம் முழுதும் வண்டி நிற்கப்போகிறது என்றால், கடைசியாக நன்றாக ஓட்டிச் சூடேற்றி, குழாய் ஆறியபின் வால்முனையை எண்ணெய்த் துணியால் அடைத்து, மறவாதிருக்க ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடவேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒலி சிறிது மாறினாலும் கண்ணாடிகளை இறக்கிவிட்டு நேரே பட்டறைக்குச் செல்லவேண்டும்.

இப்போது ஞாயிறுதோறும் நாம் செம்பூர் முருகனை வணங்கிவிட்டுத் தானே வரை ஓடித் திரும்புகிறோம். பெட்ரோல் விலையைக் கேட்டால் நெஞ்சு பதறத்தான் செய்கிறது. பேத்தி தவறாமல் உடன் வருகிறாள். வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்ததும், நாம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்குவதற்குள் அவள் பின்னால் ஓடி, தரையில் குந்தி, வால்குழாயைப் பார்ப்பாள்.

"சொட்டலை, தாத்தா" என்பாள்.

அதன்பிறகுதான் போர்வையை எடுத்துவரச் செல்கிறோம்.